கேட்டு எடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள மகன் சுமித்துக்கு, அம்மா ஜ்வாலாமாலினி சொல்ல, உன் தங்கை பத்மப்ரியா எழுதுவது. இங்கே அப்பா நலம், நான் நலம், மாடுகள் இரண்டும் நலம், அம்மாவும் வலது கை மணிக்கட்டைத் தவிர மற்றபடி நலம். அங்கே நீயும், உன் அறையில் இருக்கும் மற்ற மூவரும், கடலைக் குடிநீராக்கும் அந்த ஆலையும் நலமாக இருக்க வேண்டும். அண்ணா, மோட்டார் கொட்டகைத் தொட்டியோரம் பாசியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மாவுக்கட்டுப் போட்டு இன்றோடு பதினெட்டு நாள். அதனால்தான் சொல்வது அவள், எழுதுவது நான். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேச உட்கார்ந்தால் அப்பா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், நீயும் சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை உனக்குச் சொல்ல வேண்டும் என்றால் காகிதம்தான் சரி என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். அப்பா வக்கீலைப் பார்க்கத் திண்டிவனம் போயிருக்கிறார், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஜிதேந்திரன் சித்தப்பா உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிற விடுதலைப் பத்திரம். தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று சொல்லியிருக்கிறாராம். எதை விடுதலை செய்கிறாய் என்று நீ படித்திருக்க மாட்டாய். நான் படித்தேன். ‘மேற்படி கிணற்றில் பிரதி ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எங்களுக்குள்ள சகல பாத்தியங்களையும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து’ என்று அதில் இருக்கிறது. அதாவது நீ ஒரு கிழமையை விட்டுக்கொடுக்கிறாய். தாத்தா காலமான பிறகு அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது நிலத்தைக் கயிறு போட்டு இரண்டாக்கினார்கள், கிணற்றை அப்படி இரண்டாக்க முடியாது என்பதால் வாரத்தை வெட்டினார்கள். திங்கள் செவ்வாய் புதன் நமக்கு, வியாழன் வெள்ளி சனி சித்தப்பாவுக்கு, ஞாயிறு கிணறு ஊறுவதற்கு. ஆறு நாள் உழைத்த கிணற்றுக்கு ஒரு நாள் லீவு. அந்த லீவு நாள் இரண்டு பேருக்கும் பொது, ஆகவே அதைக் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு குடும்பத்திலும் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லிவிட்டார். பிறந்ததால் உனக்குப் பங்கு உண்டு. சட்டம் மாறியபிறகு பெண் பிள்ளையான எனக்கும் உண்டு, ஆனால் பதினெட்டு ஆகாததால் எனக்காக அப்பாவே போட்டுக்கொள்வார். அம்மாவுக்கு இல்லை. அவள் அந்த வீட்டில் பிறக்கவில்லை, இருபத்தாறு வருடமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நாற்று விட்டு, மாடு கழுவி, நம் இருவரையும் குளிப்பாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். பத்திரத்தில் அதற்கு இடம் இல்லை.

இனி வெள்ளையம்மா அத்தை. கிணற்றுக்குக் கிழக்கே அவர்களுக்குத் தொண்ணூறு சென்ட் இருப்பது உனக்குத் தெரியும். அவளும் வேங்கடேசன் மாமாவும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அதை வாங்கியபோது அதில் கிணறும் இல்லை, கிணற்றில் பங்கும் இல்லை. பாடப் புத்தகத்தில் வேர்க்கடலை என்று போட்டிருக்கும் நம் மல்லாட்டைக்கு, விழுது இறங்குகிற சமயத்தில் ஒரு தண்ணீரும் காய் பிடிக்கிற சமயத்தில் ஒரு தண்ணீரும் தவறினால் பிடுங்கும்போது பருப்பில்லாத பொக்குதான் வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நம் வேலி ஓரம் வந்து நின்று, ‘நைனாரம்மா, இன்னிக்கு கெணறு சும்மாதான கீது, ஒரு ரெண்டு மணி நேரம் மோட்டார் போட்டுக்கட்டா’ என்று கேட்டாள். அம்மா, ‘போட்டுக்கினு போ வெள்ளையம்மா’ என்றாள். அன்றிலிருந்து மழை பெய்து வேண்டாம் என்று இருந்த ஞாயிறுகளைத் தவிர எல்லா ஞாயிறும் அவள் வருவாள், கேட்பாள், அம்மா சரி என்பாள், அவள் போடுவாள். அப்பா ஞாயிறு காலையில் மேல்சித்தாமூர் ஜினர் கோயிலுக்குப் போய்விடுவார், வரும்போது அவள் வயல் நனைந்திருக்கும். இதுவரை அப்பாவை அவள் கேட்டதில்லை, அப்பாவும் அவளை ஏன் என்று கேட்டதில்லை. நாம் எல்லோரும் ஒரு முறை சிரவணபெளகுளா போயிருந்தபோது வீடு பூட்டியிருந்தது நினைவிருக்கிறதா, அந்த ஞாயிறு அவள் வேலியருகே வந்து, பூட்டைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மோட்டார் போட்டாளாம். அவளே சொன்னாள். பூட்டு ஒன்றும் சொல்லவில்லையா என்று நீதான் கிண்டல் செய்தாய். அந்தக் கிண்டல் இப்போது வழக்கில் ஒரு முக்கியமான சட்டப் பிரச்சினை.

வழக்கு ஏன் வந்தது என்றால், சித்தப்பாவுக்குத் திண்டிவனம் மண்டிதான் முக்கியம், நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை, ஆகவே தன் பாகத்தை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் பொம்மையார்பாளையம் கடற்கரையில் தங்கும் விடுதி வைத்திருக்கிற கோகுலகிருஷ்ணன் என்பவர். கடலைப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு வயலைக் காட்டப் போகிறாராம். வயலோரம் நீச்சல் தொட்டி ஒன்று கட்டி, அதில் மிதந்தபடி விவசாயத்தைப் பார்க்க ஏற்பாடு. அவருடைய விருந்தினர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறவர்கள். ஆகவே வியாழன் வெள்ளி சனியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, ஞாயிறு இல்லாத கிணறு எனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டார். சித்தப்பா அப்பாவிடம் வந்து, ‘அண்ணே, ஒரு நாள்தானே’ என்றார். தம்பி வாய்விட்டுக் கேட்டுவிட்டானே என்று அப்பா சரி என்றார். அம்மா, ‘அப்ப வெள்ளையம்மா’ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அப்பா, ‘ஒனக்கு இன்னா பங்கு கீது கெணத்துல, நடுவுல பேசிக்கினு’ என்றார். மாதத்துக்கு இரண்டு முறை ஏதாவது ஒன்றுக்காக அவர் சொல்கிற வாக்கியம்தான், நாங்களும் மாட்டுக் கழுத்து மணியின் சத்தம் மாதிரி கேட்டுப் பழகிவிட்டோம். மறு ஞாயிறு சித்தப்பா வந்து மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். அதற்கு அடுத்த வாரம் வெள்ளையம்மா அத்தை திண்டிவனம் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். இருக்கிற நிலை அப்படியே இருக்கட்டும் என்று கோர்ட் இடைக்கால உத்தரவு போட, பூட்டு திறந்தது, ஞாயிறு தண்ணீர் தொடர்ந்தது. இத்தனையும் உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

இந்த நேரத்தில் எங்கள் பள்ளியில் மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு ‘நம் நாட்டில் நீர் உரிமைச் சட்டங்களின் வளர்ச்சி’ என்று தலைப்பு வந்தது. தண்ணீர் வழக்கு நடக்கிற வீட்டுப் பெண் என்பதால் சித்ரா டீச்சர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். போட்டி விழுப்புரத்தில். அதற்கு முன்னால் ஒரு நாள் மாவட்ட நூலகத்தில் படிப்பதற்காக அப்பா என்னை அழைத்துப் போனார். ஜங்ஷனில் நாங்கள் ஏறிய ஷேர் ஆட்டோ வேங்கடேசன் மாமாவுடையது. வாதியின் கணவரும் முதல் பிரதிவாதியும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கும்போது மாமா காசு வாங்க மறுத்தார், அப்பா வற்புறுத்தினார். ‘கேஸ் வேற, சவாரி வேற நைனாரே, பாப்பா படிக்கப் போவுது’ என்றார் மாமா. அப்பா காசை இருக்கையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார், மாமா பின்னாலேயே ஓடிவந்து அதை என் புத்தகப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

வளர்ச்சி என்ற சொல்லை நம்பித்தான் படிக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு மாமூல் வழக்கம் இருந்திருக்கிறது, எந்த மதகு எப்போது திறக்கும், யார் நிலம் முதலில் பாயும் என்று. வெள்ளைக்காரர்கள் அதைக் கேட்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். 1858-இல், ஏரிக்கரை உடைகிறபோது அடைக்க வராதவனுக்குத் தண்டனை என்று ஒரு சட்டம். அதுவரை தண்டனை இல்லாமல் எப்படி ஓடி வந்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. 1865-இல், சர்க்கார் தண்ணீர் உன் வயலில் பாய்ந்தால் தீர்வை. நீ திறந்துவிட்டாயா, அதுவாகக் கசிந்து வந்ததா என்பது பெரிய கேள்வியாகி, ஓடுகிற தண்ணீர் யாருடையது என்ற சண்டை லண்டன் வரை கப்பல் ஏறியது. தண்ணீர் மட்டும் இங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. 1882-இல், அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள பாத்தியம் பற்றிய ஈஸ்மெண்ட் சட்டம், இன்றைக்கும் அதுதான் நடப்பில் இருக்கிறது. ஆறுகளை ஒழுங்குபடுத்துவது அரசாங்கம், உன் நிலத்துக்கு அடியில் ஊறுவதை எடுத்துக்கொள்வது உன் உரிமை, பக்கத்துக் கிணறு வற்றினால் அது அவன் பாடு. 2003-இல் நம் மாநிலத்தில் நிலத்தடி நீருக்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். பத்து வருடம் அது நடைமுறைக்கே வரவில்லை, 2013-இல் அதை முறைப்படி ரத்து செய்தார்கள். ஒரு நாளும் வேலைக்கு வராதவருக்குப் பிரிவு உபசார விழா நடத்தியது மாதிரி இருந்தது. தண்ணீர் கிடைப்பது உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, ‘அத சொல்றதுக்கு அவ்ளோ பெரிய கோர்ட்டு வேண்டியிருக்குதா’ என்றாள்.

ஆனால் நம் வழக்கு அந்த 1882-இல்தான் இருக்கிறது. அதன் பதினைந்தாம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் இன்னொருவருடைய கிணற்றில் இருபது வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், தன் உரிமை போல எடுத்து வந்தால் அது அவருக்கு உரிமையே ஆகிவிடும். ஆனால் நிலத்துக்காரரின் அனுமதி கேட்டு எடுத்திருந்தால் ஆகாது, இருபது வருடம் அல்ல, இருநூறு வருடம் ஆனாலும் ஆகாது. நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன். கேட்காமல் எடுத்தவனுக்கு இருபதாவது வருடம் உரிமை, கேட்டு எடுத்தவளுக்குக் கடைசி வரை ஒன்றும் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வேலியோரம் வந்து நின்றிருக்கலாம். சட்டத்துக்கு மரியாதை தெரிந்தவர்களைப் பிடிக்காதா என்று சித்ரா டீச்சரிடம் கேட்டேன், ‘அதை மட்டும் கட்டுரையில எழுதிடாத பிரியா, பரிசு போயிடும்’ என்றார். எழுதிவிட்டேன். ஆறுதல் பரிசாக ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

வெள்ளையம்மா அத்தையின் வக்கீல் ராஜாமணி இந்தப் பிரிவைத் தலைகீழாகத் தெரிந்தவர். ஆகவே பிராதில், ‘வாதி யாருடைய அனுமதியும் இன்றி, யாரையும் கேளாமல், பகிரங்கமாகவும் தன் சொந்த உரிமையிலும் தண்ணீர் எடுத்து வந்துள்ளார்’ என்று எழுதிவிட்டார். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அவள் அதைக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவளுடைய மகன் பிரவீன்குமார் படித்துக் காட்டியதும் அவள் நேராக எங்கே வந்தாள் தெரியுமா, நம் வீட்டுக்குத்தான். யார் மேல் வழக்குப் போட்டாளோ அவர் வீட்டு வாசலில் நின்று, தன் வக்கீல் மேல் அம்மாவிடம் புகார் சொன்னாள். ‘இன்னா நைனாரம்மா இது, நான் கேக்காம எடுத்தேன்னு எழுதிக்கினு வந்து கீறாரு. நான் இன்னா திருடியா. ஊர்ல தலை காட்டவா வேணாவா’ என்று அழுதாள். அம்மா அவளுக்கு மோர் கொடுத்து, ‘எனக்குத் தெரியுமே நீ கேட்டன்னு’ என்று சமாதானம் செய்து அனுப்பினாள். ராஜாமணியோ அவளைக் கூப்பிட்டு, ‘கேட்டேன்னு மட்டும் வாயத் தொறந்துடாதம்மா, பேஜாரா பூடும், இனிமேலாவது கேக்காம எடு’ என்று கெஞ்சியிருக்கிறார். பூட்டைப் பார்த்துக் கேட்ட கதையைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்ததாம், பூட்டு கொடுத்தது அனுமதி ஆகாது, அந்த ஞாயிறாவது தேறும் என்றாராம். வக்கீல் பேச்சை மதித்து ஒரு ஞாயிறு அவள் கேட்காமல் எடுத்துப் பார்த்தாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனாள். சுவிட்சுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றாள். முந்தானையால் சுவிட்சுப் பெட்டியைத் துடைத்தாள். பிறகு இறங்கி வேலிக்கு வந்து, ‘என்னால ஆவல நைனாரம்மா, போட்டுக்கட்டா’ என்றாள்.

நம் தரப்பு வக்கீல் அந்தோணிசாமிக்கு இதெல்லாம் பால் பாயசம் (அவருக்கு நம் வீட்டில் அதைத்தான் கொடுக்கிறோம், அவர் விரும்புகிற எதையும் நம் சமையலறையில் செய்ய முடியாது). வாதியே வாராவாரம் வந்து தன் வழக்கை உடைத்துக்கொண்டு போகிறாள், அதைப் படம் பிடித்து வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஞாயிறுகளில் மேல்சித்தாமூர் போவதை விட்டுவிட்டு, வேலிக் கம்பத்தில் போனைக் கட்டி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நாற்காலியில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வெள்ளையம்மா அத்தைக்கும் அது தெரியும். போனில் சரியாக விழ வேண்டுமே என்று கொஞ்சம் இந்தப் பக்கமாகவே தள்ளி நின்று கேட்கிறாள். நம் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் ஒரு வாய் குடித்ததில்லை, இந்த வழக்கை மட்டும் வடிகட்டாமல் குடித்துவிட்டார் உங்கப்பா என்று அம்மா சொன்னாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன், எழுது என்றாள்.

அம்மாதான் நம் தரப்பு முக்கிய சாட்சி. கேட்டாள், கொடுத்தேன் என்று அவள் சொன்னால் போதும், வெள்ளையம்மா அத்தை தோற்றுவிடுவாள். கேட்கவில்லை என்று பொய் சொன்னால் அத்தை ஜெயிப்பாள். அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று நம் ஊரில் நாய்க்கும் தெரியும். ஆகவே எல்லோரும் வழக்கு முடிந்தது என்றே நினைத்தார்கள், கோகுலகிருஷ்ணன் நீச்சல் தொட்டிக்கு ஓடு பார்க்கப் போய்விட்டார். மாவுக்கட்டுப் போட்ட மறுநாள், அம்மா இடது கையால் மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பிரிவை மறுபடி படித்துக் காட்டினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், ‘அனுமதின்னா யாரு குடுத்தாலும் அனுமதியா, இல்ல நெலத்துக்காரன் குடுத்தாதானா’ என்று. உரிமையுள்ளவர் கொடுத்தால்தான் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு உரித்துக்கொண்டே இருந்தாள்.

போன வியாழக்கிழமை அம்மா கூண்டில் ஏறினாள். கட்டுப் போட்ட கையோடு பிரமாணம் எடுத்தாள். நீதிபதி உட்காரலாம் என்றார், அம்மா நின்றுகொண்டாள். அந்தோணிசாமி கேட்டார், ஞாயிறுதோறும் வாதி உங்களிடம் கேட்டாரா. கேட்டாங்க. நீங்கள் அனுமதித்தீர்களா. ஆமாங்க. ஒரு தடவையாவது கேட்காமல் எடுத்தாரா. இல்லைங்க, பூட்டையாவது கேட்டுடுவாங்க. அந்தோணிசாமி சிரித்தபடி உட்கார்ந்தார், சித்தப்பா அப்பாவின் தொடையில் தட்டினார், வெள்ளையம்மா அத்தை தன் பேச்சு உண்மை என்று நிரூபணம் ஆன சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ராஜாமணி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை, எழுந்துவிட்டோமே என்பதற்காகத்தான், ‘அந்தக் கிணற்றுத் தண்ணியை எடுத்துக்கோன்னு சொல்ல உங்களுக்கு என்னம்மா உரிமை’ என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா நிதானமாக, ‘எனக்கு ஒரு உரிமையும் இல்லைங்க. கெணத்துல எனக்குப் பங்கு இல்லைங்க. எங்க வூட்டுக்காரரே மாசத்துக்கு ரெண்டு வாட்டி சொல்வாரு, ஒனக்கு இன்னா பங்கு கீதுன்னு. பத்திரத்துலயும் எம்பேரு இல்லைங்க’ என்றாள். ராஜாமணி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார், இன்னொரு முறை சொல்லுங்கம்மா என்றார். அம்மா இன்னொரு முறை சொன்னாள். நீதிபதி டைப் செய்யச் சொன்னார். அப்படியானால் வாதி உங்கள் கணவரிடமோ அவர் தம்பியிடமோ எப்போதாவது அனுமதி கேட்டாரா என்றார் ராஜாமணி. ‘அவங்ககிட்ட ஏங்க கேக்கப் போறாங்க, அவங்க வூட்ல இருந்தாதான’ என்றாள் அம்மா.

விளங்கியதா அண்ணா. உரிமை இல்லாத ஒருத்தி கொடுத்த அனுமதி சட்டத்தின் முன் அனுமதியே இல்லை. ஆகவே இருபத்திரண்டு வருடமும் வெள்ளையம்மா அத்தை உரிமையாளரின் அனுமதி இல்லாமல்தான் எடுத்திருக்கிறாள், வேலியில் போன கோழியிடம் கேட்டது மாதிரிதான் அம்மாவிடம் கேட்டதும். அம்மா ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அப்பா இத்தனை வருடம் சொல்லி வந்ததைச் சபையில் சொன்னாள், அவ்வளவுதான்.

திண்டிவனத்திலிருந்து வல்லம் வரும் பஸ்ஸில் அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு திரும்பியே பார்க்கவில்லை. அந்தோணிசாமி இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார், அது ஒன்றுதான் வழியாம். வருகிற பதினெட்டாம் தேதி அப்பா கூண்டில் ஏறி, ‘என் மனைவியின் சொல் என் சொல். கிணற்றைப் பொறுத்தவரை எனக்கு உள்ள அதிகாரம் அவளுக்கும் உண்டு’ என்று சொல்ல வேண்டும். அம்மா கொடுத்தது அப்பா கொடுத்ததாக ஆகும், வழக்கு ஜெயிக்கும். இரண்டே வாக்கியம், வக்கீல் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். கோயிலில் நூறு பாட்டைப் புத்தகம் பார்க்காமல் சொல்கிற அப்பா, மூன்று நாளாக மாட்டுக் கொட்டகையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பயிற்சி எடுக்கிறார். எனக்கு உள்ள அதிகாரம் என்கிற வரை கணீரென்று வருகிறது. அதற்கு அப்புறம் இருமல் வந்துவிடுகிறது. சித்தப்பா போனில், ‘அண்ணே, ஒரு வாட்டி ஜல்தியா சொல்லிடுங்க, கேஸ் முடிஞ்சதும் இல்லேன்னு ஆக்கிக்கலாம்’ என்றாராம். அப்பா, ‘கோர்ட்ல சொன்னதுக்கு அப்புறம் அவ வுடுவாளாடா’ என்றார். அவர் சொன்னது சரிதான். அம்மாவின் கணக்கு இப்படி. ‘அவரு சொல்லலைனா வெள்ளையம்மாவுக்கு நாயித்துக்கெழம. சொன்னார்னா எனக்கும் அந்தக் கெணறு. எனக்குக் கெணறு இருந்தா அவளுக்கு நாயித்துக்கெழம தானா இருக்கும், நான் கையெழுத்துப் போட்டாதான பத்திரம்.’

நேற்று ஞாயிறு. போன் கம்பத்தில் இருந்தது, அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். வெள்ளையம்மா அத்தை வந்து, சரியான இடத்தில் நின்று, போட்டுக்கட்டா நைனாரம்மா என்றாள். அம்மா முதல் முறையாக வேறு பதில் சொன்னாள். ‘என்ன ஏன் கேக்கற, எனக்குப் பங்கு இல்லேன்னு டைப் அடிச்சிட்டாங்க. அதோ குந்திக்கினு கீறாரே, அவரக் கேளு’ என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அப்பாவிடம் அத்தை நேராகப் பேசியதே இல்லை. ‘நைனாரே’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். அப்பா பேப்பரை மடித்தார். கோர்ட் உத்தரவு இருக்கும்போது கூடாது என்று சொல்ல முடியாது, சரி என்று சொல்லவும் அவருக்குப் பழக்கம் இல்லை. அவள் வயலைப் பார்த்தார், விழுது இறங்குகிற மல்லாட்டை, இலை வெயிலுக்கு முன்னாலேயே மடிந்திருந்தது. அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு, ‘எப்பவும் யார கேப்பியோ அவளையே கேளு, கெணத்து விஷயம் அவளுக்குத்தான் தெரியும், எனக்கு இன்னா தெரியும்’ என்றார். இருமல் வரவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் கம்பத்தில் கட்டியிருந்த போன் நினைவுக்கு வந்து அதைப் பார்த்தார். அம்மா, ‘போட்டுக்கோ வெள்ளையம்மா’ என்றாள். அப்போது மணி ஏழு பன்னிரண்டு, நான் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பதிவு நம்மைக் காப்பாற்றுமா கவிழ்க்குமா, வைத்திருக்கலாமா அழித்துவிடலாமா என்று கேட்கத்தான் அப்பா இன்று திண்டிவனம் போயிருக்கிறார். அழித்தாலும் பரவாயில்லை, நேற்றே எனக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு உனக்கும் வருகிறது.

இனி அம்மா உனக்குச் சொல்லச் சொன்னவை. அந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. கிணற்றைப் பற்றி இனி எந்தக் காகிதம் வந்தாலும் முதல் வரியில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் எங்கம்மா பெயர் எங்கே என்று கேட்டு அப்பாவுக்கே திருப்பி அனுப்பு. அப்பா மேல் கோபப்படாதே, அவர் கெட்டவர் இல்லை, தம்பி என்றால் மறுத்துச் சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். ஆலையில் கடல் தண்ணீரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் நீ குடிக்கும்போது துணியில் வடிகட்டிக் குடி, இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடு, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. முடி கொட்டுகிறது என்றாயே, கேப்பை மாவு கட்டி அனுப்பியிருக்கிறோம், கூழ் காய்ச்சிக் குடி. அருகன் அருளால் நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள். அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு, அவர் வீட்டில் இல்லாததால் அவர் சார்பில் அம்மாவே கொடுத்துவிட்டாள். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் இங்கே எட்டு மணிக்கு மேல் செய். அதற்கு முன் அம்மா வேலியருகே இருப்பாள்.

இத்தனை நாள் கடிதங்களில் இப்படிக்கு உன் அம்மா என்றுதான் முடிப்பாள். இன்று பேனாவை இடது கையில் வாங்கி, முழுப் பெயரையும் நானே எழுதுகிறேன் என்கிறாள். ஐந்து நிமிடமாக எழுதுகிறாள்.

இப்படிக்கு,
தே. ஜ்வாலாமாலினி